பொது அலமாரி ஏன் திறக்கவில்லை?



நம் பள்ளி நூலக அலமாரி ஒருத்திக்கு மட்டும் உரியதன்று. எல்லா வகுப்பினருக்கும் பொது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துத் தொழிற்கூடங்களிலும் இத்தகைய பொது அலமாரி உண்டு. வரைபடங்கள், சரக்குப் பட்டியல்கள், தர அறிக்கைகள் யாவும் ஒரு கணிப்பொறியில் இருக்கும். மற்றவை அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

என் தந்தையார் ஒரகடம் அருகே உதிரிப் பாகங்கள் செய்யும் சிறு பட்டறையில் பணிபுரிகிறார். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்ததால், அங்கே விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். மறுநாள் காலையில் பொது அலமாரி திறக்கவில்லை! வரைபடமின்றி இயந்திரங்கள் நின்றன. “பழைய முறையையே மறுபடி இயக்கிவிடலாம்” என்றார் ஒருவர். “கூடவே கூடாது” என்றார் மூத்த பணியாளர். ஏன்?

கணிப்பொறிகள் கோப்புகளைக் கேட்டு வாங்கும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். அதன் முதல் பதிப்பு 1980-களில் பிறந்தது. விண்டோஸில் அது இயங்கிய விதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-இல் வெளியிட்டது. பலர் அசட்டையாக இருந்துவிட்டனர். மே 12-இல் ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல் அந்த ஓட்டை வழியே பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகள் அல்லலுற்றன. ஒரகடத்து ரெனோ–நிசான் கார் ஆலையும் அப்போது பாதிக்கப்பட்டது.

அவ்வாண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், புதிதாக நிறுவும்போது அந்தப் பழைய முறை முழுமையாகச் சேர்க்கப்படுவதில்லை. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் பதிப்போ, அலுவலகங்களுக்கான வகைகளில், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் மறுக்கிறது. அலமாரி பழுதாகவில்லை, காவலாளி கண்டிப்பானவராகிவிட்டார்!

இனி, செய்ய வேண்டியவற்றைக் காண்போம்.

1. மற்றக் கணிப்பொறிகளில் அலமாரி திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால், குறை புதிதாக மாற்றிய கணிப்பொறியில்தான் இருக்கக்கூடும்.

2. இணைப்பு ‘பொது’ என்று குறிக்கப்பட்டிருந்தால், ‘தனியார்’ என்று மாற்றுங்கள். நம்பிக்கையான அலுவலக இணைப்புக்கு மட்டுமே இது பொருந்தும்.

3. சேமித்துவைத்த பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் நீக்கிவிட்டுப் புதிதாக இடுங்கள். திரையைத் திறக்கும் ‘பின்’ எண் இங்கே செல்லாது.

4. அலமாரி உள்ள கணிப்பொறியில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள்.

5. சேமிப்புப் பெட்டி பழையதானால், அதன் மென்பொருளைப் புதுப்பித்து எஸ்.எம்.பி. இரண்டாம் அல்லது மூன்றாம் பதிப்புக்கு மாற்றுங்கள்.

தந்தையாரின் பட்டறையில் குறை நான்காவதுதான். அதுவரை எல்லோரும் கடவுச்சொல் இன்றியே நுழைந்து வந்தனர். ஆளுக்கொரு பெயர் கொடுத்ததும், நண்பகல் உணவுக்கு முன்பே அலமாரி திறந்தது, இயந்திரங்களும் ஓடின.

தோழியரே, அரைநாள் வேலை நின்றது உண்மைதான். ஆயினும், அவசரத்தில் பழைய கதவைத் திறந்திருந்தால் ஆண்டுக்கணக்கான உழைப்பே களவு போயிருக்கலாம். வீட்டிலும் பெற்றோரின் கணிப்பொறியில் திருத்தங்களை உரிய நேரத்தில் இடுவோம்; முக்கியக் கோப்புகளுக்கு நகல் எடுத்துத் தனியே வைப்போம். வருமுன் காப்பதே அறிவுடைமை அன்றோ!