‘சின்ன தல’யை சென்னை ஏன் விட்டது?

திருத்தணி மலையடிவாரத்து டீக்கடைகளில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேச்சு ஓடும். ஐபிஎல் வந்துவிட்டால் சென்னை கட்சி, ஹைதராபாத் கட்சி என்று பிரியும். ஆனால், 2022 பிப்ரவரியில் நடந்த மெகா ஏலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சியும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ரெய்னாவை எப்படிங்க விட்டாங்க?

கேள்வி நியாயமானது. 2008இல் சென்னை சூப்பர் கிங்ஸ் தொடங்கியதிலிருந்து 2015 வரை, அந்த அணி ஆடிய ஒரு ஐபிஎல் ஆட்டத்தைக்கூட சுரேஷ் ரெய்னா தவறவிட்டதில்லை. 2010 இறுதிப்போட்டியில் ஆட்டமிழக்காமல் 57. 2014இல் பஞ்சாபுக்கு எதிராக 25 பந்தில் 87. ஐபிஎல்லில் 5,000 ரன்னை முதலில் தொட்டவர். 2019இல் தோனி ஆடாத நாட்களில் கேப்டனும் அவர்தான். ‘சின்ன தல’ என்ற பெயர் சும்மா வந்ததில்லை.

அவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் 2020இல் தெரிந்தது. சொந்தக் காரணங்களுக்காக அவர் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து திரும்பிவிட்டார். சென்னை முதல்முறையாக பிளேஆஃப் போகாமல் 7வது இடத்தில் முடித்தது. ரெய்னா இல்லாமல் சென்னை இல்லை என்று ரசிகர்கள் முடிவே கட்டிவிட்டார்கள்.

அந்த முடிவை உடைத்தது அடுத்த ஆண்டு. 2021இல் அவருக்கென்றே இருந்த மூன்றாவது இடத்தில் மொயின் அலி இறங்கினார். 357 ரன் அடித்தார், கூடவே சுழற்பந்தும் போட்டார். ரெய்னா கீழே தள்ளப்பட்டார். 12 ஆட்டங்களில் 160 ரன்தான் வந்தது. கடைசிக் கட்டத்தில் ராபின் உத்தப்பா உள்ளே வந்தார். டெல்லிக்கு எதிரான முதல் தகுதிச் சுற்றில் 44 பந்தில் 63, இறுதிப்போட்டியில் 15 பந்தில் 31. கோப்பை சென்னைக்கு. ரெய்னா ஆடாமலே.

பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங்கின் கணக்கு இங்கேதான் மாறியிருக்க வேண்டும். (சென்னையில் இத்தகைய முடிவை அவர் தனியாக எடுப்பதில்லை. தோனியும் நிர்வாகமும் சேர்ந்ததுதான்.) முதலில் நான்கு பேரைத்தான் தக்கவைக்கலாம் என்பது விதி. ஜடேஜாவுக்கு 16 கோடி, தோனிக்கு 12, மொயின் அலிக்கு 8, ருதுராஜுக்கு 6. ரெய்னாவின் பழைய இடத்தைப் பிடித்தவரே அந்தப் பட்டியலில் இருந்தார்.

“தோனி மட்டும் என்ன அடிச்சாரு?” என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் உண்மைதான், 2021இல் 16 ஆட்டங்களில் அவர் எடுத்தது 114 ரன். ஆனால் அவர் ரன் அடிக்காத நாளிலும் விக்கெட் கீப்பர், கேப்டன். ரெய்னாவின் பந்துவீச்சு ஏற்கெனவே குறைந்துபோயிருந்தது. ரன்னும் நின்றால் அணியில் அவருக்கு என்ன வேலை என்பதுதான் கேள்வி. 2020 ஆகஸ்ட் 15 அன்று தோனியுடன் ஒரே மாலையில் ஓய்வை அறிவித்துவிட்டதால், ஃபார்மை மீட்க சர்வதேச ஆட்டங்களும் கிடையாது.

ஏலத்தில் நடந்ததுதான் ரசிகர்களுக்கு அதிகம் வலித்தது. அடிப்படை விலை 2 கோடி. சென்னை கை தூக்கவில்லை. வேறு யாரும் தூக்கவில்லை. பணம் இல்லையா என்றால், ஏலம் முடிந்தபோது சென்னையிடம் அந்த 2 கோடிக்கு மேலேயே மிச்சம் இருந்தது. வயதா என்றால், அவரைவிட ஒரு வயது மூத்த உத்தப்பாவை அதே 2 கோடிக்கு எடுத்தார்கள். அம்பதி ராயுடுவை 6.75 கோடி கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். அணியின் அமைப்பையும் வீரரின் ஃபார்மையும் பார்த்தே முடிவெடுத்ததாகவும், ரெய்னாவை விட்டது கடினமாக இருந்ததாகவும் தலைமைச் செயல் அதிகாரி காசி விஸ்வநாதன் பின்னர் விளக்கினார். கிரிக்கெட் கணக்கில் அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால், 11 சீசன் ஆடியவருக்குச் சேப்பாக்கத்தில் ஒரு வழியனுப்பு ஆட்டம் அமையாதது குறைதான். திருத்தணியிலிருந்து மின்சார ரயில் ஏறி அதைப் பார்க்க வந்திருக்கக்கூடியவர்கள் எத்தனையோ பேர்.

முடிவு பலித்ததா? உடனே இல்லை. 2022இல் கேப்டன் பதவி ஜடேஜாவுக்குப் போய், நடுவிலேயே தோனியிடம் திரும்பியது. 14 ஆட்டங்களில் 4 வெற்றி, 9வது இடம். பெங்களூருக்கு எதிராக உத்தப்பா 88 அடித்தது அந்த ஆண்டின் சில நல்ல நாட்களில் ஒன்று. அன்று அவருடன் ஆட்டமிழக்காமல் 95 அடித்த ஷிவம் துபே, அதே ஏலத்தில் 4 கோடிக்கு வந்தவர். 2023இல் சென்னை மறுபடி கோப்பை வென்றபோது அவர் கணக்கில் 418 ரன்.

ரெய்னா 2022 ஐபிஎல்லில் இந்தி வர்ணனை செய்தார். செப்டம்பர் 6 அன்று எல்லா வகை கிரிக்கெட்டிலிருந்தும் ஓய்வு பெற்றார். எட்டு நாள் கழித்து உத்தப்பாவும் ஓய்வை அறிவித்தார்.