உறையில் எழுதிய நாடு

1975 பொங்கல் சமயம். சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸுடன் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆட்டம். மாயவரத்தில் எங்கள் வீட்டு ரேடியோவை விட்டு நான் நகரவில்லை. எனக்குப் பதினோரு வயது. எதிரணியின் வேகப்பந்து வீச்சாளர் ஆண்டி ராபர்ட்ஸ் அந்த ஆட்டத்தில் 12 விக்கெட் எடுத்தார். விஸ்வநாத் கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்று 97 ஓட்டம் எடுத்ததால் நாம் பிழைத்தோம். ஜெயித்தது நாம்தான், ஆனாலும் என் மனசைப் பிடித்துக்கொண்டவர் ராபர்ட்ஸ். அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். உறையின்மேல் அவர் பெயர், கீழே ‘வெஸ்ட் இண்டீஸ்’. அவ்வளவுதான் முகவரி.

தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நாட்டுப் பேரைக் காணோமே தம்பி?”

“வெஸ்ட் இண்டீஸ்னு போட்டிருக்கேனே சார்.”

“அப்படி ஒரு நாடே கிடையாதுப்பா. எந்தத் தீவுன்னு விசாரிச்சுக்கிட்டு வா.”

விசாரித்தேன். அவர் ஊர் ஆன்டிகுவா. அதை எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. ஆனால் இல்லாத ஒரு நாட்டுக்கு எப்படி ஒரு அணி இருக்கிறது என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. பிற்பாடு நானே ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ்.ஸில் சேர்ந்து வருஷக்கணக்காகத் தபால் பிரித்தேன். ஜமைக்காவிலிருந்தோ பார்படாஸிலிருந்தோ எப்போதாவது ஓர் உறை கைக்கு வரும். அனுப்பியவர் முகவரியில் ஊர், தீவு, அதற்குப் பிறகு ‘டபிள்யூ.ஐ.’ என்று இரண்டே எழுத்து. நாம் ஊருக்குப் பின்னால் மாவட்டம் எழுதுவதுபோல அவர்கள் அதை எழுதினார்கள்.

பெயர் பிறந்த கதை பாடப்புத்தகத்தில் உண்டு. 1492 அக்டோபர் 12-ஆம் தேதி கொலம்பஸ் கரையிறங்கியது இன்றைய பகாமஸ் தீவுகளில் ஒன்றில். அங்கே இருந்தவர்கள் அதைக் குவானஹானி என்றார்கள். அவரோ ஆசியாவின் ஓரத்தைத் தொட்டுவிட்டதாகவே நம்பினார். சிந்து நதிக்கு அப்பால் உள்ள அத்தனை தேசங்களையும் சேர்த்து ஐரோப்பியர் ‘இண்டீஸ்’ என்று பன்மையில் சொன்ன காலம் அது. பிழை தெரிந்த பிறகும் பெயரை யாரும் எடுக்கவில்லை. இது மேற்கு, அது கிழக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். நம்மை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் இந்த மேற்கிந்தியாவின் பெயரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். குவானஹானி மக்களின் கதி கொடியது. அவர்கள் அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டதால், ஒரு தலைமுறைக்குள் அந்தத் தீவுகள் ஆளற்றுப் போயின. ஜமைக்கா, கியூபா, ஹைதி என்ற பெயர்களில்தான் அந்தப் பக்கத்துப் பழைய மொழி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘மேற்கிந்தியத் தீவுகள்’ என்று தமிழில் சொல்லும்போது ‘தீவுகள்’ என்ற சொல்லை ஒட்டவைத்தவர்கள் நாம். ஆங்கிலப் பெயரில் அது இல்லை. அன்று சேப்பாக்கத்தில் அந்த அணிக்குத் தலைமை தாங்கிய கிளைவ் லாயிடின் நாடு கயானா. அது தென் அமெரிக்கப் பெருநிலத்தில் இருக்கிறது, தீவே அல்ல. கரீபியன் என்பது இன்னொரு பெயர். அது கடலின் பெயர். ஐரோப்பியர் ‘கரிப்’ என்று அழைத்த மக்களிடமிருந்து வந்தது. தங்களைக் கலினாகோ என்றே சொல்லிக்கொள்ளும் அவர்கள் டொமினிக்காவில் இன்றும் இருக்கிறார்கள். 2015-இல் அவர்களுடைய நிலப்பகுதிக்கு அந்தப் பெயரையே சட்டப்படி சூட்டிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்தத் தீவுகள் ‘ஆன்டில்’. பழைய கடல்வரைபடங்களில் இருந்த ஆன்டிலியா என்ற கற்பனைத் தீவிலிருந்து வந்த பெயர் அது.

இந்தப் பெயரில் ஒரு நாடு உண்மையிலேயே நான்கு வருடம் இருந்தது என்பதை நான் தபால்தலை சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் அறிந்தேன். 1958 ஜனவரியில் பத்து பிரிட்டிஷ் காலனிகள் சேர்ந்து மேற்கிந்தியக் கூட்டாட்சி அமைத்தன. அதைக் கொண்டாடி வெளியிட்ட தபால்தலைகளில் ஒரே வரைபடம். ஆனால் ஒவ்வொரு தீவும் தன் பெயரைப் போட்டுத் தனித்தனியாக அச்சிட்டது. என் ஆல்பத்தில் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். ஜமைக்காவுக்கும் டிரினிடாடுக்கும் நடுவே சுமார் 1,800 கிலோமீட்டர் கடல். 1961-இல் ஜமைக்கா மக்கள் வாக்களித்து விலகினார்கள். பத்தில் ஒன்று போனால் மிச்சம் பூஜ்யம் என்று டிரினிடாட் தலைவர் எரிக் வில்லியம்ஸ் கணக்குச் சொன்னார். 1962 மே மாதத்தோடு கூட்டாட்சி கலைந்தது.

நாடு போயிற்று, பெயர் போகவில்லை. 1948-இல் ஜமைக்காவில் தொடங்கிய மேற்கிந்தியப் பல்கலைக்கழகம் இன்றும் பல தீவுகளின் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. கிரிக்கெட் அணி 1975, 1979 உலகக் கோப்பைகளை வென்றது. அதற்குத் தேசிய கீதம் கிடையாது. டிரினிடாடின் டேவிட் ரட்டர் என்ற கலிப்சோ பாடகரின் பாட்டைத்தான் ஒலிக்கவிடுகிறார்கள். யாரோ பிழையாக வைத்த பெயரை, அடிமைகளாகவும் கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். அதனால் அதைத் தவறான பெயர் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

நம்மவர்களும் அந்தக் குடும்பத்தில் உண்டு. கயானாவின் வீராசாமி பெர்மாலும் மகேந்திர நாகமூட்டுவும் அந்த அணிக்காகப் பந்து வீசியவர்கள். பெருமாளும் நாகமுத்துவும் ஆங்கிலத்தில் போய் அப்படித் திரும்பி வந்திருக்கிறார்கள். மோசஸ் நாகமூட்டு 2015 முதல் 2020 வரை அந்நாட்டுப் பிரதமர். டிரினிடாடில் இந்திய வம்சாவளியினரை ‘ஈஸ்ட் இண்டியன்’ என்கிறார்கள். மேற்கிந்தியாவில் ஒரு கிழக்கிந்தியர். எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் 1853 முதல் கப்பலேறியவர்கள் மார்ட்டினிக், குவாடலூப் தீவுகளுக்குப் போனார்கள். அவை பிரெஞ்சுத் தீவுகள். அங்கே போய் மேற்கிந்தியர் என்றால் ஏற்க மாட்டார்கள், ஆன்டில்காரர் என்பார்கள். கியூபாக்காரரும் அப்படித்தான். வரைபடத்தில் மேற்கிந்தியா அவர்களையும் அடக்கும், பேச்சில் அடக்காது.

2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸில் கிரிக்கெட் உண்டு. அங்கே நாடுகளுக்குத்தான் இடம் என்பதால், இந்தப் பெயரில் ஓர் அணி களமிறங்க முடியாது. என் கடிதத்துக்குக் கவுண்டரில் கிடைத்த பதில்தான் அவர்களுக்கும். அடுத்த முறை அந்த அணி சேப்பாக்கத்தில் ஆடும்போது, ஒவ்வொரு ஆட்டக்காரரும் எந்தத் தீவு, எந்த ஊர் என்று அட்லஸில் தேடி உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.