பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ்

பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ் என்பது அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பர்மிங்காம் நகரில் இயங்கிய கறுப்பினத்தவரின் பேஸ்பால் அணியாகும். வெள்ளையர் அணிகளில் கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலத்தில், 1920-இல் இவ்வணி உருவானது.

தோற்றம்

பர்மிங்காம் இரும்பு, நிலக்கரித் தொழில்களால் வளர்ந்த நகரம். ஆலைகளின் தொழிலாளர் அணிகளில் ஆடிய கறுப்பின வீரர்களே இவ்வணியின் அடித்தளம். நகரிலிருந்த வெள்ளையர் அணியான பர்மிங்காம் பேரன்ஸின் பெயரையொட்டி இதற்குப் பெயரிடப்பட்டது. தொடக்கத்தில் இது நீக்ரோ சதர்ன் லீக் என்னும் இரண்டாம் நிலைத் தொடரில் ஆடியது. பின்னர் நீக்ரோ நேஷனல் லீக், நீக்ரோ அமெரிக்கன் லீக் ஆகிய முதல் நிலைத் தொடர்களிலும் இடம்பெற்றது.

ரிக்வுட் மைதானம்

1910-இல் திறக்கப்பட்ட ரிக்வுட் மைதானம் வெள்ளையர் அணிக்குச் சொந்தமானது. அந்த அணி வெளியூர் சென்ற நாட்களில் பிளாக் பேரன்ஸ் அங்கே ஆடியது. வெள்ளையர் அணியின் ஆட்டங்களின்போது கறுப்பினப் பார்வையாளர்கள் ஒதுக்கப்பட்ட தனிப் பகுதியில் மட்டுமே அமர முடிந்தது. பிளாக் பேரன்ஸ் ஆடிய நாட்களில் முதன்மை இருக்கைகள் அவர்களுக்குக் கிடைத்தன.

சாதனைகள்

புகழ்பெற்ற பந்து வீச்சாளர் சாட்செல் பெய்ஜ் 1920-களின் பிற்பகுதியில் இவ்வணியில் ஆடினார். 1943, 1944, 1948 ஆகிய ஆண்டுகளில் அணி நீக்ரோ அமெரிக்கன் லீக் பட்டத்தை வென்றது. மூன்று முறையும் நீக்ரோ உலகத் தொடரில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியிடம் தோற்றது. 1948 அணியில் 17 வயதுப் பள்ளி மாணவரான வில்லி மேஸ் இடம்பெற்றிருந்தார்.

வீழ்ச்சி

1947-இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கியதும் நிறத்தடை உடைந்தது. சிறந்த வீரர்கள் முதன்மை லீக் அணிகளுக்குச் சென்றனர். பார்வையாளர்களும் அவர்களைப் பின்தொடர்ந்தனர். மேஸ் 1950-இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியில் ஒப்பந்தமானார். தடை நீங்கியது வீரர்களுக்கு வழி திறந்தது. அவர்களை வளர்த்த அணிகளோ நலிந்தன. பிளாக் பேரன்ஸும் 1960-களின் தொடக்கத்தில் மறைந்தது.

தாமதமான அங்கீகாரம்

1920 முதல் 1948 வரை நடந்த ஏழு நீக்ரோ லீக்குகளை முதன்மை லீக்குகளாக ஏற்பதாக அமெரிக்க முதன்மை லீக் பேஸ்பால் அமைப்பு 2020-இல் அறிவித்தது. 2024-இல் அவற்றின் புள்ளிவிவரங்கள் அதிகாரபூர்வப் பதிவில் சேர்க்கப்பட்டன. இதனால் 1948-இல் மேஸ் அடித்த 10 அடிகள் அவர் கணக்கில் ஏறி, மொத்தம் 3,293 ஆயிற்று. அதே அணிக்காக அடுத்த இரு ஆண்டுகளில் அவர் ஆடிய ஆட்டங்கள், கால எல்லைக்கு வெளியே அமைந்ததால் கணக்கில் சேரவில்லை. அணியின் தொடக்ககால நீக்ரோ சதர்ன் லீக் ஆட்டங்களும் இரண்டாம் நிலையாகவே கருதப்படுகின்றன.