பரணிலே உறங்கும் சங்கீதம்

நமது வீட்டுப் பரண்களில் என்னதான் இல்லை? ஓட்டை அண்டா, காலொடிந்த முக்காலி, பாட்டனார் காலத்துக் குடை ஆகிய செல்வங்களுக்கு நடுவே, கொங்கு நாட்டில் சற்று வசதியாக வாழ்ந்த குடும்பங்களின் பரணில் வேறொரு வஸ்துவும் இருக்கக்கூடும். தூசி படிந்த ஒரு மரப்பெட்டி. பக்கத்தில் காகித உறையிலிட்டு அடுக்கிய கறுப்பு வட்டத் தட்டுகள். பழைய சாமான் வாங்குகிறவர் தெருவில் கூவும்போது அவற்றை எடைக்குப் போட்டுவிடலாமென்று வீட்டார் தீர்மானித்திருப்பார்கள். அந்தத் தீர்மானத்தைச் சற்றே ஒத்திவைக்குமாறு நேயர்களைக் கேட்டுக் கொள்கிறோம். காரணத்தையும் சொல்லிவிடுகிறோம்.

நம் அரக்கு, பிறர் முத்திரை

நம் நாட்டில் வணிக முறையில் இசைத்தட்டுக்காக முதன்முதல் குரல்களைப் பதிவு செய்தது 1902-ம் ஆண்டில், கல்கத்தாவில். அப்போது பாடியவர்களில் பெரும் புகழ் பெற்றவர் கௌஹர் ஜான். பதிவு இங்கே நடந்ததே தவிர, தட்டு அச்சானது ஜெர்மனியில். இதில் ஒரு வேடிக்கையுண்டு. அந்நாளைய தட்டுகளை இறுகச் சேர்த்துப் பிடித்தது நமது காடுகளில் சிறு பூச்சிகள் உண்டாக்கும் கொம்பரக்கு. நம் அரக்கு கடல் கடந்து போய், நம்மவர் பாட்டைச் சுமந்துகொண்டு, அந்நிய முத்திரையோடு நம்மிடமே விலைக்கு வந்தது! பருத்தியின் கதை தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1908-ல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை ஏற்பட்ட பிறகுதான் நிலைமை மாறியது.

நிமிஷத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷமே பாட இயலும். விடிய விடியப் பாடிய வித்வான்கள் ஆலாபனையை ஒரே மூச்சில் முடித்துக்கொண்டு பல்லவிக்கு ஓடி வரவேண்டியிருந்தது. ஆனாலும் மின்சாரமே இல்லாத குக்கிராமத்திலும் சாவி கொடுத்தால் பாடும் பெட்டியல்லவா? கல்யாணப் பந்தலிலும், தேர்த் திருவிழாவிலும், டூரிங் டாக்கீஸின் வாசலிலும் அது ஒலித்தது. எழுத்தறியாத மக்களின் செவியில் காந்தியடிகளின் பெயரையும் கதரின் பெருமையையும் கொண்டுபோய்ச் சேர்த்த சாதனங்களில் இதுவும் ஒன்று.

கொடுமுடியின் குரல்

காவேரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ல் பிறந்தவர் ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாள். நாடக மேடையில் அவருக்கு இணையாகப் பாடியவர், பிற்பாடு அவரை மணந்த செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானபோது அவருக்கு வயது இருபத்தேழு. தமிழில் பேசும் படம் தோன்றி அப்போது இரண்டே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. சுந்தராம்பாள் அதன்பின் வெள்ளைப் புடவையே உடுத்தினார். 1935-ல் நந்தனாராக வேஷம் தாங்கி லட்ச ரூபாய் ஊதியம் பெற்றதும், சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் பாடியதும், 1953-ல் ஔவையாராகத் தோன்றியதும், சட்ட மேலவையில் அமர்ந்ததும் நாடறிந்த செய்திகள்.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுந்தராம்பாளை இன்றும் படத்தில் காணலாம், கேட்கலாம். கிட்டப்பாவின் குரலுக்கோ, அந்த அரக்குத் தட்டுகளைத் தவிர வேறு புகலிடம் கிடையாது. தட்டோ, கை தவறினால் ஓட்டுச் சில்லாகிவிடும் தன்மையுள்ளது. எந்தப் பரணில் எந்தத் தட்டின் கடைசிப் பிரதி இருக்கிறதென்று யார் சொல்ல முடியும்?

கோயமுத்தூருக்கும் இதில் பங்குண்டு. "சிவகவி" (1943), மூன்று தீபாவளி கண்ட "ஹரிதாஸ்" (1944) ஆகிய தியாகராஜ பாகவதரின் படங்கள் இந்நகரின் சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவானவை. இங்கே பிறந்த பாட்டுகளே தட்டுகளாகி, இங்குள்ள பரண்களில் உறங்குகின்றன.

உயிர் கொடுக்கும் வழி

சென்ற வருஷம், கொடுமுடிக்கு அருகிலுள்ள கிராமத்து நண்பர் ஒருவர் தம் வீட்டுப் பெட்டியை நம்மிடம் ஒப்படைத்தார். சாவி திரும்பவே மறுத்தது. கணபதி பக்கத்து லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றோம். பம்பு மோட்டாரோடு பழகிய அந்தப் பெரியவர் பெட்டியைத் திறந்து பார்த்து, "ஸ்பிரிங் நல்லாத்தானுங்க இருக்குது, கிரீசுதான் பிசினாப் போச்சுங்க" என்றார். சுருள்வில் அடங்கிய டப்பாவை அனுபவமில்லாதவர்கள் திறக்கலாகாது. அது சீறி வெளிவந்தால் கையைக் கிழித்துவிடும். பெரியவர் பழைய கிரீசை மண்ணெண்ணெயால் கழுவிப் புதிது இட்டார். ஒலிப் பெட்டியில் கல்லாய் இறுகியிருந்த ரப்பர் வளையத்தையும் மாற்றினார். இவ்வளவே செலவு.

தட்டுகளைத் துடைப்பதில் ஜாக்கிரதை தேவை. அரக்குத் தட்டின்மேல் ஸ்பிரிட் பட்டால் அரக்கே கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்மையான சோப்புத் திரவம் கலந்து, மிருதுவான துணியால் பள்ளங்களின் போக்கிலேயே துடைத்து, நடுவிலுள்ள காகித முத்திரை நனையாமல் காக்கவேண்டும். படுக்க வைத்து அடுக்காமல், புத்தகம்போல் நிமிர்த்தி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைக்கவேண்டும். எஃகு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மாற்றுவதே முறை. தேய்ந்த ஊசி தட்டைச் செதுக்கும்.

1948-க்குப் பின் தோன்றிய வினைல் தட்டுகள் வேறு ஜாதி. அவற்றைச் சாவிப் பெட்டியின் கனத்த ஊசிக்குக் கொடுத்தால் ஒரே தடவையில் கெட்டுப்போகும். மின்சார ரிக்கார்டு பிளேயர்தான் அவற்றுக்கு ஏற்றது. பழைய பிளேயர்களில் பெரும்பாலும் ரப்பர் பெல்ட்டோ, உருளையோ, ஊசியோதான் பழுதாகியிருக்கும். வேகம் சரியா என்றறிய ஓர் எளிய வழி: தட்டின்மேல் காகிதத் துண்டொன்றை வைத்து எண்ணுங்கள். மூன்று நிமிஷத்தில் சரியாக நூறு சுற்று வந்தால் முப்பத்துமூன்றே கால்வாசிக்கு மேலான அந்த 33⅓ வேகம் பிசகவில்லை.

நண்பர் வீட்டுத் திண்ணையில் பெட்டியை மீண்டும் பாடவிட்டபோது, இரைச்சலின் நடுவிலிருந்து சுந்தராம்பாளின் குரல் கணீரென்று எழுந்தது. கைப்பேசியும் கையுமாக நின்ற பிள்ளைகள், "பேட்டரி எங்கே இருக்கு?" என்று தேடினார்கள். எண்பதைக் கடந்த அப்பத்தா மட்டும் உள்ளேயிருந்து, "நம்ம கொடுமுடியம்மாளாச்சே!" என்று குரல் கொடுத்தார்.

செய்ய வேண்டியது

வாசித்து மகிழ்வதோடு நிற்கலாகாது. தட்டின் முத்திரையிலுள்ள பெயர், எண், கம்பெனி ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைக்கவேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் இது நல்ல வேலை. கைதேர்ந்தவரைக் கொண்டு ஒலியைக் கணினியில் பதிந்துகொள்ள வேண்டும். நம் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் நீடிக்கும். பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. பாரதியாரின் பாடல்களை 1949-ல் சென்னை அரசாங்கம் ஏற்றுப் பின்னர் பொதுமக்களுக்கே உரிமையாக்கியதால் அவற்றுக்குத் தடையில்லை. வைத்துக்கொள்ள இடமில்லாதவர்கள், எடைக்குப் போடுமுன், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்கு எழுதிக் கேட்கலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஏணியைச் சாத்திப் பரணில் ஏறிப் பாருங்கள். இறக்கும்போது மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக் கொள்ளுங்கள்.