'கின்டாமா: தி ஃபைனல்' - 15 ஆண்டு சாமுராய் கதைக்கு இது சரியான முடிவா? ரசிகர்கள் பிரிந்து நிற்பது ஏன்?

"இதோ முடியப் போகுது" என்று சொல்லிச் சொல்லியே ரசிகர்களை ஏமாற்றிய கதை ஒன்று உண்டென்றால், அது ஜப்பானின் 'கின்டாமா'தான்.

2013-இல் வந்த திரைப்படத்தின் பெயரிலேயே 'முடிவுப் பகுதி' என்று இருந்தது. முடியவில்லை. ஹிடேஆகி சொராச்சி வரைந்த மூல மாங்கா 2018-இல் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் முடியும் என்றார்கள். பக்கம் போதாமல் வேறொரு இதழுக்குப் போனது. அங்கும் முடியாமல், கடைசியில் தனியாக ஒரு மொபைல் ஆப் வழியாக 2019 ஜூனில்தான் முற்றுப்புள்ளி விழுந்தது. அந்தக் கடைசி அத்தியாயங்களைப் படமாக்கியதுதான் 2021 ஜனவரி 8 அன்று ஜப்பானில் வெளியான 'கின்டாமா: தி ஃபைனல்'. இயக்கியவர் சிசுரு மியாவாகி.

படம் வந்து ஆண்டுகள் ஆகியும் "அழ வச்சுட்டாங்கப்பா" என்பவர்களும் "இவ்வளவுதானா?" என்பவர்களும் இன்னும் விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அந்த முடிவில்?

(எச்சரிக்கை: கீழே முழுக்க ஸ்பாய்லர்தான்!)

கதை என்ன?

வேற்றுக்கிரகவாசிகள் எடோ நகரத்தைப் பிடித்துக்கொண்டு, சாமுராய்கள் வாள் வைத்திருக்கத் தடை போட்டால் என்ன ஆகும்? இதுதான் ஒருவரிக் கதை. நாயகன் சகாட்டா கின்டோகி, போரில் தோற்ற முன்னாள் சாமுராய். கையில் மரவாள். காசு கொடுத்தால் எந்த வேலையும் செய்து தரும் 'யோரோசுயா' கடை நடத்துகிறார். கூட ஷின்பாச்சி, ககுரா என்று இரண்டு டீனேஜ் பிள்ளைகள். வீட்டு வாடகை எப்போதும் பாக்கி. இனிப்பும் ஜம்ப் இதழும் இல்லாவிட்டால் நாள் ஓடாது.

2006 முதல் 2018 வரை 367 எபிசோடுகள். பெரும்பாலும் காமெடி, மற்ற அனிமேக்களைக் கலாய்ப்பது, திடீரென்று மனதை உலுக்கும் ஒரு தொடர்கதை, மறுபடி காமெடி. இந்தக் கலவைக்குத்தான் ரசிகர்கள் அடிமை.

முடிவின் மையம் எது?

கின்டோகி, கட்சுரா, தகசுகி மூவரும் யோஷிடா ஷோயோ என்ற ஆசிரியரிடம் ஒன்றாகப் படித்தவர்கள். எதிரிகளிடம் சிக்கிய நிலையில், நண்பர்களா, ஆசிரியரா என்று கின்டோகி தேர்வு செய்ய வேண்டி வருகிறது. நண்பர்களைக் காப்பாற்ற, தன் கையாலேயே ஆசிரியரைக் கொல்கிறார். அதைக் கண்ணால் பார்த்த தகசுகி, அதன் பிறகு உலகத்தையே அழிக்கக் கிளம்புகிறார்.

இறுதி எதிரி உட்சுரோ சாகாவரம் பெற்றவர். ஷோயோ என்பதே அவருக்குள் இருந்த பல ஆளுமைகளில் ஒன்று. அதாவது, நேசித்த ஆசிரியரின் முகத்தோடு நிற்கும் எதிரியை மாணவர்கள் வெல்ல வேண்டும். கடைசியில் உட்சுரோ தகசுகியின் உடலையே பிடித்துக்கொள்ள, நண்பனைக் குத்த வேண்டிய கட்டாயம் கின்டோகிக்கு. முதலில் ஆசிரியர், இப்போது நண்பன். தகசுகியின் உயிர் கின்டோகியின் கைகளிலேயே பிரிகிறது.

ஜப்பானிய ரசிகர்களுக்கு இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. ஷோயோ பாத்திரத்துக்கு மாதிரி, 1859-இல் மரண தண்டனை பெற்ற யோஷிடா ஷோயின் என்ற நிஜ ஆசிரியர். அவரிடம் படித்த தகசுகி ஷின்சாகு 1867-இல் காசநோயால் இளம் வயதிலேயே இறந்தார். எனவே தகசுகி பிழைக்க மாட்டார் என்பது பலர் எதிர்பார்த்ததே. யார் கையில், என்ன மனநிலையில் என்பதுதான் கேள்வி. பழிவாங்கும் வெறியோடு அல்ல, பழைய தோழனாக என்று படம் பதில் சொல்கிறது.

பாராட்டுபவர்கள் சொல்வது என்ன?

முதல் காரணம், மேலே சொன்ன காட்சிதான். கின்டோகிக்குக் குரல் கொடுத்த டோமோகாசு சுகிதாவும், தகசுகிக்குக் குரல் கொடுத்த டகேஹிட்டோ கொயாசுவும் அந்த இடத்தில் உச்சம் தொட்டதாக ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள்.

இரண்டாவது, படம் கடைசி வரை 'கின்டாமா'வாகவே இருக்கிறது. இதுவரையிலான கதைச் சுருக்கத்தையே 'டிராகன் பால்' பாணியில் கிண்டலாகச் சொல்லித்தான் படம் தொடங்குகிறது. முதல் வாரம் வந்தவர்களுக்குக் கொடுத்த இலவச அட்டைகளில் இருந்ததோ 'டெமன் ஸ்லேயர்' பாத்திரங்கள்! சொராச்சியே வரைந்தது. கடைசியில், வசூல் தரவரிசையில் 12 வாரம் முதலிடத்தில் இருந்த 'டெமன் ஸ்லேயர்: முகென் ட்ரெயின்' படத்தைக் கீழே இறக்கியதும் இதே படம்தான். அதுவும், டோக்கியோவில் இரண்டாவது கொரோனா அவசரநிலை அமலுக்கு வந்த அதே நாளில் வெளியாகி!

குறை சொல்பவர்கள்?

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. நூற்றுக்கணக்கான எபிசோடுகளில் வளர்த்த பாத்திரங்களில் பலர் 104 நிமிடப் படத்தில் வந்து, ஒரு வசனம் பேசி, காணாமல் போகிறார்கள். 'இவருக்கு என்ன ஆச்சு?' என்ற கேள்வி பலருக்கு மிச்சம்.

அழுதுகொண்டிருக்கும்போதே ஜோக் வருவது சிலருக்கு எரிச்சல். இன்னும் சிலருக்குப் பெரிய புகார், கின்டோகியின் வாழ்க்கையில் எதுவுமே மாறவில்லை என்பது. உலகத்தைக் காப்பாற்றியவருக்குப் பதவி இல்லை, காதல் இல்லை, பணம் இல்லை. மறுபடி அதே கடை, அதே பிள்ளைகள்.

ஆனால், அந்தக் கதையே அதைப் பற்றியதுதானே? வாள் போன பிறகு சாமுராய்க்கு என்ன மிச்சம் என்பதுதான் முதல் எபிசோடிலிருந்து கேள்வி. தகசுகி இழந்ததற்குக் கணக்குத் தீர்க்கப் போனார். கின்டோகி, கூட இருப்பவர்களுக்கு ராத்திரிச் சோறு கிடைக்கிறதா என்று பார்த்தார். அவருக்கு நாற்காலியும் கிரீடமும் கொடுத்திருந்தால், தகசுகியின் மரணத்துக்கே அர்த்தம் குறைந்திருக்கும். மாறாத அந்தக் கடைதான் அவர் ஜெயித்தது.

ரேட்டிங் இவ்வளவு உயரமாக இருப்பது எப்படி?

'மைஅனிமேலிஸ்ட்' தளத்தில் இந்தப் படத்துக்கு 10-க்கு 9 என்ற அளவில் மதிப்பெண். இதைப் பார்த்து நேராகப் படத்தைப் போட்டு, ஒன்றும் புரியாமல் நிறுத்தியவர்கள் ஏராளம்.

காரணம் எளிது. பிடிக்காதவர்கள் 20-ஆவது எபிசோடிலேயே விலகியிருப்பார்கள். 367-ஐயும் தாண்டி வந்தவர்கள்தான் இங்கே ஓட்டுப் போடுகிறார்கள். தொடர்களின் கடைசிப் பாகங்களுக்குப் பொதுவாகவே மதிப்பெண் எகிறுவதன் ரகசியம் இதுதான். அது படத்தின் தரத்தை மட்டும் காட்டும் எண் இல்லை. கூடவே வந்தவர்களின் பாசத்தையும் சேர்த்துக் காட்டும் எண்.

அப்போ எங்கிருந்து பார்ப்பது?

முதல் இரண்டு எபிசோடுகள் மாங்காவில் இல்லாதவை. ஏற்கெனவே கதை தெரிந்தவர்களுக்கான விருந்து அது. எனவே 3-ஆவது எபிசோடில் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள் பழைய ரசிகர்கள். தொடர் முடிந்ததும் 'தி செமி-ஃபைனல்' என்ற இரண்டு சிறப்பு எபிசோடுகள், அதன் பிறகே 'தி ஃபைனல்'. செமி-ஃபைனல் வெளியானது ஃபைனலுக்கு ஒரு வாரம் கழித்து என்பதால் வரிசையில் குழம்பிவிட வேண்டாம்.

நிஜமாகவே முடிஞ்சதா?

2025 அக்டோபரில், கின்டோகியைப் பள்ளி ஆசிரியராகக் காட்டும் 'கின்பாச்சி சென்செய்' தொடர் வந்தது. பழைய 'யோஷிவாரா' கதையை மறுபடி சொல்லும் புதிய படம் 2026-க்கு அறிவிக்கப்பட்டது. "பார்த்தீங்களா, மறுபடி ஏமாத்திட்டாங்க" என்று ரசிகர்கள் சிரித்தாலும், ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஒன்று கிளைக்கதை, மற்றது மறுபதிப்பு. தகசுகி இறந்த பிறகான கதையை இரண்டுமே தொடவில்லை. அந்த முடிவு மட்டும் போட்ட இடத்திலேயே அப்படியே இருக்கிறது.