குறியீடுகளின் உலகம் – 14: காரணம் தெரியாத நொதிகள்

சென்ற வாரம் உறுதியான நோய்களுக்குக் குறியீடு போடுவதைப் பார்த்தோம். நோயின் பெயர் கையில் இருக்கும்போது வேலை சுலபம். ரத்தத்தில் ஏதோ சரியில்லை, ஏன் என்று டாக்டருக்கே இன்னும் பிடிபடவில்லை என்றால் என்ன எழுதுவது?

அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டைப் படித்து, நோய்களை வகைப்படுத்தும் ஐசிடி-10-சிஎம் குறியீடு போடும் வேலையில் சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் நம் பிள்ளைகள் ஏராளமானோர் இருக்கிறார்கள். நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படித்துவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு நன்கு பழகிய குறியீடு ஆர்74. நோய்ப் பெயருக்குள் இன்னும் அடங்காத அறிகுறிகளையும் பரிசோதனை முடிவுகளையும் சேர்த்து வைத்திருக்கும் 18ஆம் அத்தியாயத்தில் அது இருக்கிறது. ரத்தத்தில் நொதிகளின் அளவு மாறியிருப்பதற்கான இடம் அது.

செல் சேதமடைந்தால் உள்ளே இருக்கும் நொதி ரத்தத்தில் கசிகிறது. ஆனால் எந்த உறுப்பின் செல் என்பதை நொதி எப்போதும் சொல்வதில்லை. நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் எஸ்ஜிபிடி என்று அச்சாகும் ஏஎல்டி பெரும்பாலும் கல்லீரலைச் சேர்ந்தது. எஸ்ஜிஓடி எனப்படும் ஏஎஸ்டி அப்படியில்லை. இதயத் தசையிலும் கைகால் தசைகளிலும் சிவப்பணுக்களிலும் அது உண்டு. 1954இல் லாடூ, ரூப்லெவ்ஸ்கி, கார்மென் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஏஎஸ்டி உயர்வை எடுத்துக்காட்டியது மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில்தான். எல்டிஹெச் என்ற நொதி இன்னும் பரந்தது. உடலின் ஏறக்குறைய எல்லாத் திசுக்களிலும் இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துபோனாலே அதன் அளவு கூடிவிடும்.

இவ்வளவு வேறுபட்ட நொதிகளுக்கு ஆர்74.0 என்ற ஒரே குறியீடுதான் நெடுநாள் இருந்தது. 2020 அக்டோபர் 1 முதல் அதை இரண்டாக்கினார்கள்: ஏஎல்டி, ஏஎஸ்டி உயர்வுக்கு ஆர்74.01; எல்டிஹெச்சுக்கு ஆர்74.02. தேவையான திருத்தம். ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆர்74.01இன் தலைப்பிலேயே கல்லீரல் என்ற சொல்லை வைத்துவிட்டார்கள். தசையிலிருந்து கசிந்த ஏஎஸ்டியும் அந்தத் தலைப்பின் கீழேதான் போக வேண்டியிருக்கிறது.

டாக்டர் எழுதும் சொல்லைப் பொறுத்துக் குறியீடு மாறும் என்பதைப் புதிதாக வருபவர்கள் கவனிக்க வேண்டும். ‘ஏஎல்டி உயர்வு’ என்று எழுதினால் ஆர்74.01. ‘எல்எஃப்டி உயர்வு’ (கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை) என்று பொதுவாக எழுதினால், குறியீட்டு நூலின் அகரவரிசை அட்டவணை ஆர்79.89க்கு அனுப்பும். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்றால் ஆர்74.8. பிலிருபின் என்றால் ஆர்17. ஒரே ரத்தம், ஒரே ரிப்போர்ட், நான்கு இடங்கள். ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அதிகம் என்று குறி போட்டிருப்பதைப் பார்த்துக் கோடர் தானாகக் குறியீடு போடவும் கூடாது. அந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

கை தவறுவது பெரும்பாலும் இன்னோர் இடத்தில். வெளிநோயாளி ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘ஏஎல்டி அதிகம், கொழுப்புக் கல்லீரலாக இருக்கலாம், ஹெபடைடிஸ் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும், ஸ்கேன் எழுதியிருக்கிறேன்’ என்கிறது சார்ட். கொழுப்புக் கல்லீரலுக்கான கே76.0ஐப் போடக் கை பரபரக்கும். போடக் கூடாது. வெளிநோயாளிக்கு ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்பதெல்லாம் நோயாகாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. அன்றைக்கு உறுதியாகத் தெரிந்தது ஆர்74.01 மட்டுமே. இதே சொற்கள் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவரின் டிஸ்சார்ஜ் குறிப்பில் இருந்தால், நோய் இருப்பதாகவே கொண்டு குறியீடு போடலாம். இந்த முரண்பாடு பலரைக் குழப்பும். இரண்டில் வெளிநோயாளி விதிதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. இல்லாத ஹெபடைடிஸ் ஒரு முறை பதிவில் ஏறிவிட்டால், அடுத்த டாக்டரும் அதைப் படித்துவிட்டுத்தான் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார்.

பெரியவர்களைவிடக் குழந்தைகள் விஷயத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் முக்கியம். ஏஎல்டியும் ஏஎஸ்டியும் கூடியிருக்கும் சிறுவனைக் கல்லீரல் நோயாளி என்று கருதி மாதக்கணக்கில் அலையவிட்டதும், கல்லீரலில் பயாப்சி வரை போனதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சிலருக்குக் கடைசியில் தெரியவந்தது டூஷேன் தசைச் சிதைவு நோய். மாடிப்படி ஏறத் திணறுகிறானா என்று கேட்டு, கிரியாட்டின் கைனேஸ் என்ற தசை நொதியையும் பார்த்திருந்தால் வழி முன்பே தெரிந்திருக்கும். அந்த நொதி கூடியிருப்பதற்குக் குறியீடு ஆர்74.8.

சார்ட் தெளிவாக இல்லாதபோது கோடர் டாக்டருக்குக் க்வெரி அனுப்பலாம். அதிலும் ‘இது ஹெபடைடிஸ்தானே?’ என்று பதிலைக் கேள்விக்குள் திணிக்கக் கூடாது. சார்ட்டில் இருக்கும் எண்களையும் அறிகுறிகளையும் எடுத்துக்காட்டி, இவற்றுக்கு ஏதேனும் காரணம் கண்டறியப்பட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும். ‘இன்னும் தெரியவில்லை’ என்று டாக்டர் பதில் எழுதினால் அதுவும் முழுமையான பதில்தான். ஆர்74.01 அப்படியே நிற்கும். மரபணுப் பரிசோதனை டூஷேனை உறுதிசெய்து, டாக்டரும் அதை எழுதிய பிறகு ஜி71.01 வரும். நொதி உயர்வு அந்த நோயின் பகுதியே என்பதால் அதற்குத் தனிக் குறியீடு தேவைப்படாது.