அடிக்கு முந்தும் கண்

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. கெட்டிப்படுத்திய ரப்பரில் செய்த ஒரு தட்டுதான். பெயர் பக். குறுக்களவு 7.62 சென்டிமீட்டர், தடிமன் 2.54 சென்டிமீட்டர், எடை 156 முதல் 170 கிராம். ஆட்டத்துக்கு முன்னால் அதை உறைய வைப்பார்கள். சாதாரண வெப்பத்தில் ரப்பர் கண்டபடி துள்ளும். உறைந்துவிட்டால் பனித்தரையை ஒட்டி வழுக்கிக்கொண்டு போகும். கைவலு உள்ள ஆட்டக்காரர் மட்டையை ஓங்கி அடித்தால் அது மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தைக்கூட எட்டும். பாஸ்டன் அணியின் ஸ்டெனோ சாரா 2012இல் ஒரு திறன் போட்டியில் அடித்த அடி மணிக்கு 175 கிலோமீட்டரைத் தொட்டது.

இதற்கு எதிரே ஒரு மனிதர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் 1.83 மீட்டர் அகலமும் 1.22 மீட்டர் உயரமும் கொண்ட வலை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 160 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 44 மீட்டர். ஒன்பது மீட்டர் தொலைவிலிருந்து அடித்தால் பக் வலைக்கு வந்துசேர விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகும். கண்ணில் பட்டதை மூளை உணர்ந்து, தசைக்கு ஆணை போய், உடம்பு அசையத் தொடங்குவதற்கும் ஏறத்தாழ அதே நேரம் பிடிக்கிறது. தொடங்குவதற்கு மட்டும்; காலை நீட்டி முடிப்பது தனிக்கணக்கு. ஆக, பக் கிளம்பியதைப் பார்த்த பிறகு அசைகிற கோல்கீப்பர், அது வலைக்குள் விழுந்த பிறகுதான் அசைவார். கிரிக்கெட்டில் வேகப்பந்தை எதிர்கொள்ளும் மட்டையாளருக்குக்கூட இதைப்போல இரண்டு மடங்கு நேரம் இருக்கிறது.

அப்படியும் வட அமெரிக்காவின் என்.எச்.எல். போட்டிகளில் கோல்கீப்பர்கள் பத்து அடிகளில் ஏறக்குறைய ஒன்பதைத் தடுத்துவிடுகிறார்கள்.

1979இல் சால்மெலா, ஃபியோரிட்டோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இளம் கோல்கீப்பர்களுக்குப் படம் போட்டுக் காட்டினார்கள். ஆட்டக்காரர் பக்கோடு வருகிறார், மட்டையை இழுக்கிறார், அடிக்கப் போகிறார். அடி விழுவதற்குச் சற்று முன்னதாகவே படம் அறுந்துவிடும். பக் எந்தப் பக்கம் போகும்? குருட்டாம்போக்கில் சொன்னால் எத்தனை சரியாக வருமோ, அதைவிடத் தெளிவாகவே அதிகமாகச் சரியாகச் சொன்னார்கள். பக் இன்னும் கிளம்பவேயில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தோளின் திருப்பம், மணிக்கட்டின் மடிப்பு, மட்டை முனையின் சாய்வு ஆகியவற்றில் விடை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.

கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜோன் விக்கர்ஸும் டெரிக் பன்சுக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருங்கிப் போனது. தேர்ந்த கோல்கீப்பர்களுக்குக் கண்ணசைவைப் பதிவுசெய்யும் கருவியை மாட்டி, ஐந்து மீட்டரிலிருந்தும் பத்து மீட்டரிலிருந்தும் அடிக்கவைத்தார்கள். நல்ல கோல்கீப்பரின் கண் வேகமாக அலைபாயும் என்றுதான் நாம் நினைப்போம். பதிவில் தெரிந்தது வேறு. அடி விழுவதற்கு முன்பே பார்வை ஓரிடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறது. பெரும்பாலும் பக்கின் மேல், அல்லது அதைத் தொட்டிருக்கும் மட்டை முனையின் மேல். ஏறக்குறைய ஒரு விநாடி அது அங்கேயே அசையாமல் இருக்கிறது. தடுத்த அடிகளில் இந்த நிலைப்பு நீளமாகவும், கோலாகிப் போன அடிகளில் குறைவாகவும் இருந்தது.

கண் செய்வது பாதி வேலை. மீதி வேலையை வடிவியல் செய்கிறது. ஒன்பது மீட்டர் தொலைவில் எதிரணி ஆட்டக்காரர் நிற்கிறார் என்று வையுங்கள். கோல்கீப்பர் கோல் கோட்டின் மேலேயே நின்றால், 80 சென்டிமீட்டர் அகலக் கவசம் வலையில் 80 சென்டிமீட்டரைத்தான் மறைக்கும். மூன்று மீட்டர் முன்னே போய் நின்றால் அதே கவசம், பக்கின் இடத்திலிருந்து பார்க்க, 120 சென்டிமீட்டரை மறைத்துவிடும். உடம்பு பெருக்கவில்லை, நிற்கிற இடம் மாறியது. பள்ளிக்கூடத்து ஒத்த முக்கோணங்கள்தான். ஆனால் முன்னே வந்தவருக்கு ஓர் ஆபத்து உண்டு: பக் அடிக்கப்படாமல் பக்கவாட்டில் இன்னொருவருக்குத் தள்ளப்பட்டால், திரும்பி ஓடும் தூரம் கூடிவிடும். எவ்வளவு முன்னே வருவது என்பது, அவர் அடிப்பாரா தள்ளுவாரா என்ற ஊகத்தைப் பொறுத்தது. கோல்கீப்பர் ஒவ்வொரு முறையும் ஒரு பந்தயம் கட்டுகிறார். தோற்றால் அவர் தலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். இவ்வளவு வெளிப்படையாகத் தவறு அறிவிக்கப்படும் வேலை உலகத்தில் அதிகமில்லை.

இந்தப் பந்தயத்தை 677 ஆட்டங்களில் கட்டியவர் கெல்லி ஹ்ரூடி. 1961இல் கனடாவின் எட்மண்டனில் பிறந்தவர். 1980இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. தலைக்கவசத்துக்கு அடியில் நீலக் கைக்குட்டை ஒன்றைக் கட்டிக்கொள்வார். அதுவே அவருடைய அடையாளமாயிற்று. 15 பருவங்களில் 271 வெற்றி. என்.எச்.எல். வாகையருக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியதில்லை. புள்ளிவிவரப் புத்தகத்தில் இவர் மேல்தட்டு நட்சத்திரம் அல்லர். ஒரே ஓர் இரவைத் தவிர.

1987 ஏப்ரல் 18, சனிக்கிழமை. வாஷிங்டன் அணிக்கு எதிரான ப்ளே-ஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டம், மேரிலாந்து மாநிலம் லாண்டோவரில். தோற்ற அணி வீட்டுக்குப் போகும். 60 நிமிடம் முடிந்தபோது 2–2. ப்ளே-ஆஃபில் சமன் என்பது கிடையாது. ஒரு கோல் விழும்வரை 20 நிமிடக் கூடுதல் பகுதிகள் தொடர்ந்துகொண்டே இருக்கும். ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று, மூன்றும் போயிற்று. அக்காலத்துக் கால்கவசங்களில் பல, மான் முடி அடைத்த தோல் மெத்தைகள். பனி உருகிய நீரையும் வியர்வையையும் குடித்துக் குடித்துக் கனத்துக்கொண்டே போகும். நான்காவது கூடுதல் பகுதியில் 8 நிமிடம் 47 விநாடி ஆனபோது ஐலண்டர்ஸின் பாட் லாஃபான்டெய்ன் சுழன்று திரும்பி அடித்த அடி கோல்கம்பத்தில் பட்டு உள்ளே போனது. மணி அதிகாலை 1:58. ஈஸ்டர் ஞாயிறு பிறந்திருந்தது. அதனால் அந்த ஆட்டத்துக்கு ஈஸ்டர் காவியம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஹ்ரூடியின் வலையை நோக்கி வந்த அடிகள் 75. அவர் தடுத்தவை 73. சாதாரண ஆட்டத்தில் ஒரு கோல்கீப்பர் எதிர்கொள்வது முப்பதை ஒட்டித்தான். கையும் காலும் சோர்ந்துவிட்ட நள்ளிரவில் அவரைக் காப்பாற்றியது அனிச்சைச் செயலாக இருக்க முடியாது என்பது என் எண்ணம். களைத்த தசை மெதுவாகத்தான் அசையும். அந்தத் தாமதத்தை ஈடுகட்ட ஒரே வழி, இன்னும் முன்னதாகப் புரிந்துகொள்வது. 2020 ஆகஸ்ட் மாதம் கொலம்பஸ் அணியின் யோனாஸ் கோர்ப்பிசாலோ ஐந்து கூடுதல் பகுதிகள் வரை நீண்ட ஆட்டத்தில் 85 அடிகளைத் தடுத்து ஹ்ரூடியின் எண்ணிக்கையைத் தாண்டினார். பாவம், அந்த ஆட்டத்தில் அவர் அணி தோற்றது.

1989இல் ஹ்ரூடி லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார்; புகழ்பெற்ற வேய்ன் கிரெட்ஸ்கி ஆடிய அணி. 1993இல் அந்த அணி ஸ்டான்லி கோப்பையின் இறுதித் தொடர் வரை போய், மாண்ட்ரியாலிடம் 4–1 என்று தோற்றது. தோற்ற நான்கில் மூன்று ஆட்டங்கள் கூடுதல் நேரத்தில் கைநழுவின. எதிர் வலையில் நின்றவர் பாட்ரிக் ருவா. முழங்கால்களை மடக்கி இறங்கி, கால்களை இருபுறமும் பட்டாம்பூச்சி இறக்கைபோல விரித்து, வலையின் அடிப்பகுதி முழுவதையும் அடைத்துவிடும் முறையைப் பரப்பியவர். அதன் தர்க்கம் எளிது: எங்கே வரும் என்று ஊகிப்பதைக் குறைத்துக்கொள், அதிக இடத்தை மறைத்து வை. இன்றைய கோல்கீப்பர்கள் அநேகமாக எல்லோருமே அந்த வழிக்காரர்கள். பிறகு ஹ்ரூடிக்குச் சான் ஹோசேயில் இரண்டு பருவம். 1998இல் ஹ்ரூடி ஓய்வு பெற்றார்.

ஓய்வு என்றா சொன்னேன்? கவசத்தைக் கழற்றிவிட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார், அவ்வளவுதான். விளையாடிக்கொண்டிருந்த நாட்களிலேயே, தன் அணி வெளியேறிய பிறகு, கனடாவின் சி.பி.சி. தொலைக்காட்சியில் ப்ளே-ஆஃப் ஆட்டங்களை அலசப் போய் உட்கார்ந்திருக்கிறார். 1998 முதல் அதுவே முழுநேர வேலை. 1952 முதல் கனடா வீடுகளில் சனிக்கிழமை இரவென்றால் ஓடும் 'ஹாக்கி நைட் இன் கனடா' நிகழ்ச்சியின் பழகிய முகமானார். பிற்பாடு கால்கரி அணியின் ஆட்டங்களையும் அலசினார். கண்ணசைவு ஆய்வு நடந்த அதே ஊர்.

இவர் ஒருவர் மட்டும் என்றால் தற்செயல் எனலாம். ஜான் டேவிட்சன் நியூயார்க் ரேஞ்சர்ஸின் வலையில் நின்றுவிட்டு, பல ஆண்டுகள் அமெரிக்காவில் ஹாக்கி வர்ணனையின் குரலாகவே இருந்தார்; 2009இல் ஒலிபரப்பாளர்களுக்கான ஃபாஸ்டர் ஹியூயிட் விருது பெற்றார். டேரன் பாங், கெவின் வீக்ஸ், ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் என்று பட்டியல் நீளும். ஓர் அணியில் இருபது பேர் உடை உடுத்தினால் அதில் இருவர்தான் கோல்கீப்பர்கள். ஆனால் மைக்கின் முன்னால் அவர்களுடைய பங்கு அதைவிட எவ்வளவோ பெரிது.

காரணம் நிற்கிற இடத்திலேயே இருக்கிறது. மற்றவர்கள் முக்கால் நிமிடம் வெறித்தனமாகச் சறுக்கிவிட்டு மாற்று ஆளை அனுப்பிவிட்டு மூச்சுவாங்க பெஞ்சுக்குப் போகிறார்கள். கோல்கீப்பர் 60 நிமிடமும் களத்தில். ஆட்டம் முழுவதும் அவர் கண்முன்னே விரிந்து கிடக்கிறது. முதுகுக்குப் பின்னால் கவனிக்க அதிகம் கிடையாது. பக் எதிர் முனையில் இருக்கும்போது அவருக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையும் இல்லை. பார்த்ததை வாயாலும் சொல்லியாக வேண்டும்: பின்னால் ஆள் வருகிறான், விலகு, மறைக்காதே, பக்கை அங்கேயே விடு. தன் தடுப்பாட்டக்காரர்களுக்கு அவர் கத்துவது ஒருவகை நேர்முக வர்ணனையே. கேட்பவர் இரண்டே பேர், சொல்ல வேண்டிய நேரம் அரை விநாடி.

இவ்வளவு பேசுகிறவரை அணித்தலைவராக இருக்க விதி அனுமதிப்பதில்லை. 1947–48 பருவத்தில் மாண்ட்ரியால் கோல்கீப்பர் பில் டுர்னான் தலைவராக இருந்தபோது, நடுவரோடு வாதாட அடிக்கடி வலையை விட்டு வெளியே வந்தார். அந்தச் சாக்கில் அவருடைய அணிக்கு ஓய்வு கிடைக்கிறது என்று எதிரணிகள் முறையிட, கோல்கீப்பர்களுக்கு அந்த வேலை கூடாது என்று விதி வந்துவிட்டது. 2008இல் வான்கூவர் அணி ரொபர்ட்டோ லுவாங்கோவைத் தலைவர் என்று அறிவித்தபோதும், சட்டையில் தலைவருக்குரிய எழுத்தை அவர் அணிய முடியவில்லை.

இருந்தாலும், நல்ல ஆட்டக்காரர் நல்ல வர்ணனையாளராவார் என்பதில் ஓர் இடறல் இருக்கிறது. திறமை முற்ற முற்ற அது சொல்லுக்குள் அடங்காமல் நழுவும். வண்டி ஓட்டத் தெரிந்தவரிடம் கிளட்சை எப்போது விடுகிறீர்கள் என்று கேட்டால் விழிப்பார். பயிற்சியில் ஊறிய செயல்களை மூளை கவனத்தின் பார்வையிலிருந்து கீழே இறக்கிவிடுகிறது. வேகத்துக்கு அதுதான் விலை. மகத்தான ஆட்டக்காரர் பலர் மைக்கின் முன்னால் வெறும் உற்சாகமாகச் சுருங்கிப்போவது இதனால்தான். கோல்கீப்பருக்கு இதில் ஒரு சலுகை கிடைத்திருக்கிறது என்று தோன்றுகிறது. கோலடித்தவரிடம் ஏன் அடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கோல் வாங்கியவரிடம் எல்லோரும் கேட்பார்கள்: பயிற்சியாளர், நிருபர், இரவில் தூக்கம் வராதபோது அவருடைய மனமே. ஏன் தவறியது என்பதைப் பின்னோக்கிப் பிரித்து வைப்பதில் அவருக்குப் பல ஆண்டுப் பழக்கம். ஸ்டுடியோவில் மெதுவாக ஓடும் மறுஒளிபரப்பை நிறுத்தி, கோல் விழுந்த கணத்தை விட்டுவிட்டு அதற்கு மூன்று விநாடி முன்னால் தடுப்பாட்டக்காரர் எடுத்து வைத்த தப்பான ஓர் அடியைச் சுட்டிக்காட்டுகிறவர் பெரும்பாலும் முன்னாள் கோல்கீப்பராகத்தான் இருப்பார்.

வலைக்கு முன்னால் சேர்ந்த அறிவு இப்படி வாயால் கைமாறும் என்பதற்கு 1972இல் ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. கனடாவும் சோவியத் யூனியனும் எட்டு ஆட்டத் தொடரில் மோதின. மாண்ட்ரியாலில் முதல் ஆட்டத்துக்கு முன், 43 வயது ஜாக் ப்ளான்ட் சோவியத் உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தார். 1959இல் முகத்தில் அடிபட்டு, தையல் போட்டுக்கொண்டு, கண்ணாடியிழை முகமூடியோடு திரும்பி வந்து ஆடிய அதே ப்ளான்ட். இருபதே வயதான விளாடிஸ்லாவ் ட்ரெட்டியாக்கைப் பார்த்து இரக்கப்பட்டார் போலும். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, கனடாவில் யார் எங்கிருந்து எப்படி அடிப்பார்கள் என்று படம் வரைந்து விளக்கிவிட்டுப் போனார். அன்றிரவு சோவியத் அணி 7–3 என்று வென்றது. கனடாவின் வலையில் நின்று அந்த ஏழையும் வாங்கியவர் கென் ட்ரைடன்.

ட்ரைடன் மாண்ட்ரியாலுக்கு ஆறு கோப்பைகள் வென்று தந்து, இடையில் சட்டமும் படித்து, 31 வயதிலேயே ஓய்வு பெற்றவர். 1980 பிப்ரவரி 22 அன்று லேக் ப்ளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் ஏ.பி.சி. தொலைக்காட்சிக்காக ஆல் மைக்கேல்ஸின் பக்கத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். கீழே அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ஓர் அணி, எதிரில் ட்ரெட்டியாக். முதல் பகுதி முடியச் சில விநாடிகள் இருக்கும்போது வெகு தொலைவிலிருந்து ஓர் அடி வந்தது. ட்ரெட்டியாக் தடுத்தார்; ஆனால் பக் கவசத்தில் பட்டுத் தெறித்து முன்னாலேயே விழுந்தது. மார்க் ஜான்சன் பாய்ந்து எடுத்து உள்ளே தள்ளியபோது கடிகாரத்தில் ஒரு விநாடி பாக்கி. 2–2. இடைவேளைக்குப் பிறகு சோவியத் வலையில் விளாதிமிர் மிஷ்கின் நின்றார். பயிற்சியாளர் டிகோனோவ், ட்ரெட்டியாக்கை உட்காரவைத்துவிட்டார். அமெரிக்கா 4–3 என்று வென்றது. ஆட்டம் நடந்தது மாலை ஐந்து மணிக்கு, ஏ.பி.சி. அதைப் பதிவுசெய்து இரவில்தான் ஒளிபரப்பியது. பெரும்பாலான அமெரிக்கர்கள் ட்ரைடனின் குரலைக் கேட்டபோது ஆட்டம் ஏற்கெனவே முடிந்திருந்தது.